உரைகல்லில் குதிரை

வெள்ளிக்கிழமை, மூடப்போகிற நேரம்.
சங்கானைக் கூட்டுறவு வங்கியில்
அடகு பிடிக்கிற மேசை என்னுடையது.
திலகேஸ்வரி பிஸ்கற் பேணியைக் கவிழ்த்தா.
மூன்று குதிரைகள் விழுந்தன.

உரசினேன்.
கல்லில் இழுபட்ட கோடு அமிலம் பட்டதும்
பச்சையாய்ப் பொங்கி இல்லாமற் போனது.
"பவுண் இல்லை அக்கா. பித்தளை. மேலே பூச்சு."
"விலையைக் கேக்கேல்லை நான்.
இந்த மனிசன் எப்ப குதிரை ஏறினவர்?"

மனிசன் கனகநாயகம்.
எண்பத்தாறில் ஒஸ்ரியா போனவர்.
சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவுகிறேன் என்றே
கடைசிக் கடிதம்வரை எழுதினவர்.
போன மாசியில் அங்கேயே எரித்தார்கள்.
இரண்டு கம்பளிச் சட்டையும் இந்தப் பேணியும்
பார்சலில் வந்து சேர்ந்தன.

பொலிஸ் பொத்தான், ரயில்காரரின் தொப்பிச் சின்னம்
பொறுக்குகிற விசரன் நான்,
அதுதான் என்னிடம் வந்தா.
ஆனால் குதிரை எனக்குப் புதிது.
நான் கண்டதெல்லாம் நெடுந்தீவில்,
சேணமில்லாமல், என்னைச் சட்டை செய்யாமல்
புல் மேய்ந்தவை.

பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கினேன்.

முதலாவது வெள்ளி நிறம்.
லாடத்துக்குள் குதிரைத் தலை,
அடியில் சிவப்பு வெள்ளை சிவப்பு.
நிறம் சூளையில் சுட்டது, நகம் வழுக்கியது.
முதுகில் நீட்டு ஊசி, பிணைச்சல்,
பற்றவைத்த இடத்தில் ஈயத் தழும்பு.
விளிம்பில் செய்தவன் பேரும் ஊரும்.
வியன்னாவை அவர்கள் நாலு எழுத்தில் முடிக்கிறார்கள்.
"இது அவர் பிறக்க முன்னமே ஆரோ வெண்டது.
சந்தையில வாங்கியிருப்பார்."

இரண்டாவது பொன்னிறம், பெரிது, மினுக்கம்.
நிறத்துக்குப் பிளாஸ்ரிக் ஊற்றியிருந்தது.
ஊசிக்குப் பதில் காந்தம்.
ஒட்டியிருந்த விலை யூரோவில்.
"இது நேற்றையது. பகிடிக்கு."

மூன்றாவது வெண்கலம்.
எல்லாவற்றிலும் சின்னது, ஒரு புளியங்கொட்டை அளவு.
ஒற்றை முள், பின்னால் கவ்வுகிற மூடி.
குதிரையின் இடது காது தேய்ந்திருந்தது.
கல்லில் உரசித் தேய்ந்த தேய்வல்ல,
பெருவிரல் தேய்வு.
பெட்டியின் அடியில் சில்லிங்கில் விலை.
"அவர் போனதுக்குப் பிறகு,
யூரோ வரமுன்னம்.
இதுதான் அக்கா. இது அவரின்ரை."

அதோடு நிறுத்தியிருக்கலாம்.
சேர்க்கிறவன் கை நிற்காது.
பெட்டிக்குள் ஒட்டிய பச்சைத் துணியை
இடுக்கியால் கிளப்பினேன்.
அடியில் எட்டாய் மடித்த ட்ராம் ரிக்கற்.
ஒக்ரோபர் இருபத்தெட்டு.
வருசம் தொண்ணூறும் ஏதோவும்.
கடைசி இலக்கத்தின் வயிற்றில் மை ஊறியிருந்தது.
ஐந்து, அல்லது எட்டு.

அவ கண்ணாடியை வாங்கவில்லை.
வெறுங் கண்ணாலேயே பாத்தா.
"அந்த ஐப்பசி அவர் காசு அனுப்பேல்லை,
வருத்தமாய்க் கிடக்கிறன் எண்டவர்.
நாங்கள் ரெண்டு பிள்ளையளோட
நாவற்குழிப் பாலத்தில மழைக்குள்ள நிண்டனாங்கள்.
சின்னவளுக்குக் காய்ச்சல்."

மேலே மின்விசிறி டக் டக்கென்றது.
வெளியே ஆரோ சைக்கிளைச் சாய்த்து வைத்தார்கள்.

"எட்டெண்டு எழுதுங்கோ தம்பி."

ஐந்தின் தலைக்கோடு
எனக்குத் தெளிவாய்த் தெரிந்தது.
பதினேழு வருசமாய் இந்த மேசையில்
முலாம் பூசின காப்பையும், செம்பு கலந்த கொடியையும்
முகத்துக்கு நேரே திருப்பிக் கொடுத்தவன் நான்.
பென்சிலை எடுத்தேன்.
துண்டில் எட்டென்று எழுதி
பெட்டிக்குள் வைத்தேன்.

கிழவன் காலத்தையும் காந்தத்தையும்
என் பக்கம் தள்ளிவிட்டா.
"சேக்கிற ஆளல்லே, வைச்சிருங்கோ."
வெண்கலத்தை மட்டும் சேலைத் தலைப்பில் முடிந்தா.

வாசல்வரை போய்த் திரும்பினா.
"சோதினை வைச்சுத்தானே இதைக் குடுப்பினம்?"
"ஓம்."
"விழுந்தெழும்பித்தான் பழகியிருப்பார், என்ன?
அவருக்குச் சைக்கிளே ஒழுங்காய் ஓடத் தெரியாது."